அண்ணன் லேயர்

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா? கீழே கார் வந்து நிக்குது!"

கல்யாணப் பெண்ணின் தாய் ஸ்டூடியோ ஜன்னலுக்கும் கம்ப்யூட்டருக்குமாக நடந்துகொண்டிருந்தார். எடிட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கல்யாணப் படங்கள் ஒவ்வொன்றாக எக்ஸ்போர்ட் ஆகிக்கொண்டிருந்தன. வேலை முடிந்த அளவைக் காட்டும் பச்சைக் கோடு நத்தையாய் ஊர்ந்தது.

"அப்புறமா நெட்ல அனுப்பினா ஆகாதாம்மா?"

"மாப்பிள்ளை ஊர்ல சிக்னல் வேணும்னா மொட்டை மாடிக்கு ஏறணுமாம். அவங்க ஆளுங்க பாதிப் பேர் கல்யாணத்துக்கே வரல. நம்ம குடும்பத்தையே இந்த போட்டோலதான் பாக்கப் போறாங்க. கையோட குடுத்து அனுப்பணும்."

எடிட்டர் திறந்திருந்த மற்ற புரோகிராம்களை மூடினான். போதவில்லை. இதுவாவது காரணமாக இருக்குமா என்ற சந்தேகத்தோடே அடுத்த வழிக்குத் தாவினான்.

"பென் டிரைவுக்கு நேரா அனுப்புறதுதான் இழுக்குதோ என்னவோ. முதல்ல கம்ப்யூட்டர்லயே இறக்கிட்டு அப்புறம் மொத்தமா காப்பி பண்ணிக்கலாம். சைஸையும் பாதியாக்கிடறேன். டிவில பாக்க அது போதும்."

நத்தை ஆமையானது.

கீழிருந்து ஹார்ன் ஒலித்தது.

"மாப்பிள்ளைக்கு இப்பவே பொறுமை இல்ல. அதுக்கும் ஒரு டச்-அப் இருந்தா போடுப்பா."

"டச்-அப் போட்டுப் போட்டுத்தாம்மா இந்த நிலைமை. ஒவ்வொரு படத்துலயும் அத்தனை லேயர்."

"லேயர்னா?"

"படத்து மேல கண்ணாடித் தாள் அடுக்கின மாதிரி. ஒரு தாள்ல வழுக்கைக்கு முடி, இன்னொண்ணுல தொப்பை குறைப்பு. அத்தனையும் சேர்ந்துதான் ஒரு படமா வெளிய வரணும். தாள் குறைஞ்சா வேகம் கூடும்."

பெண்ணின் தாய் ஒரு கணம் யோசித்தார். "சரி, பொண்ணோட அப்பாவுக்கு வெச்ச முடியை எடுத்துடு. நேர்ல பாத்தா எப்படியும் சாயம் வெளுத்துடும்."

"பொண்ணோட சித்திக்குத் தொப்பை?"

"தாராளமா எடு. சாப்பிட்டவ அவ, அவளே சுமக்கட்டும்."

"தாய்மாமன் சட்டையில கறை?"

"இருக்கட்டும். அவன் எங்க போனாலும் கொட்டிக்கிட்டுதான் வருவான்."

"அப்புறம், முன் வரிசையில ஒரு ரெட்டைத் தாடை."

அவர் கை தானாகத் தன் தாடைக்குப் போனது. "அது யாரோடது?"

எடிட்டர் அந்தத் தாடையைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான்.

"எடுத்துத் தொலை. பெத்த பொண்ணுக்காக இதுகூடப் பண்ணலன்னா எப்படி?"

கோடு கொஞ்சம் நகர்ந்து, மறுபடி திணறியது.

"இப்ப ஒண்ணே ஒண்ணுதான் பாரம். 'அண்ணன்'னு ஒரு லேயர். பொண்ணோட அண்ணன். இவரைத் தூக்கிட்டா பறக்கும்."

"அவன் மேல கை வெக்காதே."

"சொன்னா கேக்கணும்மா. வேற எங்கயோ எடுத்த படத்தை வெட்டி ஒட்டினது. கீழே நிழல்கூட இல்ல. மாமா தோள்ல ரெண்டாவது தலை முளைச்ச மாதிரி இருக்கு. எல்லாப் படத்துலயும் அதே சட்டை, அதே அசட்டுச் சிரிப்பு. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். மூஞ்சி அப்படி. பெத்தவ நானே பொறுத்துக்கிட்டேன், அவங்களுக்கு என்ன?"

"ஒரு ஆளுக்காக ஊரையே காக்க வைக்கணுமா? அவருக்கே இதுல இஷ்டம் இருக்காது."

"அவனுக்கு எதுலதான் இஷ்டம் இருந்திருக்கு? கல்யாணத்துக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்தவன் அவன். பந்தியில கடைசியா உக்காந்தவனும் அவன். குடும்பத்தோட நில்லுன்னு ஒருத்தர் அவனைக் கூப்பிடல." அவர் குரல் இறங்கியது. "நானும் கூப்பிடல."

அதற்குள் போன் அடித்தது. மறுமுனையில் மகளின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அம்மா, பிளேனை விட்டுடுவோம்! கிளம்பிடவா?"

"படம் இல்லாமக் கார் நகர்ந்துது, நடக்கறதே வேற! அசையாம உக்காரு!"

அவர் திரும்பி நின்று மகளை அதட்டிக்கொண்டிருந்த நேரத்தில், எடிட்டர் சத்தமில்லாமல் மவுஸை நகர்த்தி அந்த லேயரை அணைத்தான். படங்களிலிருந்து அண்ணன் மறைந்தார். பச்சைக் கோடு நாலுகால் பாய்ச்சலில் ஓடியது.

நங்கென்று எடிட்டரின் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

"கார் நிக்கும், திரும்ப ஒட்டு! தங்கச்சி கல்யாணம் முழுக்கக் கேமராவுக்குப் பின்னாலேயே நின்னுட்டு, இப்ப போட்டோலேருந்தும் நழுவப் பாக்கறியாடா?"