கொரீனின் பங்கு

கொரீன் உள்ளே வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் டெல்மர் சொல்லிவிட்டான்.

"வரிப் பணம் திரும்பி வராது கொரீன்! மொத்தத்தையும் பிடிச்சுட்டாங்க!"

வழக்கம்போல உரக்கத்தான் சொன்னான். கல்யாணமான நாளிலிருந்தே அவளுக்கு இரண்டு காதும் மந்தம்.

அரசாங்கத்தின் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. அவன் வேலை செய்யும் டயர் கடையில், அவனுடைய அலமாரியில், கையுறைகளுக்கு அடியில் கிடந்தது.

முதல் மனைவி நடீனிடம் வளரும் மகளுக்காக அவன் மாதாமாதம் கட்ட வேண்டிய பணம். குடியில் தொலைத்த வருடங்களில் கட்டவில்லை. அந்தப் பாக்கிக்காகத்தான் பிடித்திருந்தார்கள்.

பிடித்ததில் தப்பில்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் கொரீனுடையது.

இருவரும் சேர்ந்து ஒரே வரிக்கணக்காகக் காட்டியது இந்த வருடம்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் கால் கடுக்க நின்று வாங்கிய சம்பளத்தில் பிடித்த வரி, திரும்பி வர வேண்டியது. வந்ததும் காது மெஷின் வாங்கப்போவதாக டொலீடோ ஊரில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

பாக்கியைப் பற்றி அவளிடம் அவன் மூச்சுக்கூட விட்டதில்லை.

"உன் பணமும் போச்சு! எல்லாம் என்னாலதான்! நான் உன்கிட்ட முன்னாடியே சொல்லாம..."

"கத்தாத டெல். நல்லாவே கேக்குது."

தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள். காது மடலுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்பி நின்று இன்னொரு காதையும் காட்டினாள்.

டெல்மர் குனிந்து உற்றுப் பார்த்தான்.

"புருஷன் கடனுக்குப் பொண்டாட்டி பங்கை எடுக்கக் கூடாதாம். தனியா ஒரு விண்ணப்பம் போட்டா, அவ பங்கை அவளுக்கே அனுப்பிடுவாங்களாம். போட்டேன். போன வாரம் வந்துடுச்சு."

"அப்போ பாக்கி விஷயம் உனக்குத் தெரியுமா?"

"கணக்குக் காட்டுறதுக்கு முன்னாடியே தெரியும். நீயா வாயைத் திறக்குறியான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். இவ்வளவு சத்தமாத் திறப்பேன்னு நினைக்கல."

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கொரீன் அவன் முதுகில் லேசாகத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

கொஞ்சம் ஆசுவாசமானதும், இப்போது மெல்லிய குரலில், கேட்டான்.

"இப்படி ஒரு விண்ணப்பம் இருக்குன்னு யார் சொன்னாங்க? கணக்கு எழுதிக் குடுத்த ஆளா?"

"நடீன்" என்றாள் கொரீன், முட்டையை உடைத்துக்கொண்டே. "ஜனவரியில போன் பண்ணினா. 'அவன் பாக்கிக்கு உன் உழைப்பு எதுக்குப் போகணும், உன் பங்கைக் கேட்டு வாங்கிக்கோ'ன்னா."

டெல்மர் நிமிர்ந்து பார்த்தான்.

கொரீன் அந்த விண்ணப்பத்தைப் போடாமல் இருந்திருந்தால், முழுப் பணமும் நடீனின் கைக்குத்தான் போயிருக்கும்.