திரைக்குப் பின்னால் அலாரம்

அடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பெரியவர் அடிக்கவில்லை.

போர்வையைத் தாடை வரை இழுத்துக்கொண்டு, இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்துக் கடித்தபடி கட்டிலில் கிடந்தார்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மருமகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைமாட்டில் அலாரம் கடிகாரம். நடைபாதையில் கூவி விற்றவனிடம் வாங்கியது. முள் ஒழுங்காக ஓடும். மணி மட்டும் செத்துப் பல மாதம் ஆகிறது.

கொன்றவர் பெரியவர்தான்.

அவருடைய ரேடியோவும் அதே நடைபாதைச் சரக்கு. ஏரியல் உடைந்த இடத்தில் சைக்கிள் ஸ்போக்ஸ், மூடி கழன்ற இடத்தில் ரப்பர் பேண்டு. ஒருநாள் அது பேச்சை நிறுத்திவிட்டது. வீட்டில் ஆளில்லாத பகலில் பெரியவர் கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து, ஒரு சின்ன ஒயரை உருவி ரேடியோவுக்கு வைத்தார். ரேடியோ பிழைத்தது. கடிகாரம் ஊமையானது.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அந்த நேரம் பார்த்து ரேடியோவில் ஒரு நல்ல பாட்டு.

மருமகளுக்குப் பேக்கரியில் முதல் அடுப்பு மூட்டும் வேலை. விடிவதற்குள் போய் நிற்க வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் அந்த இடத்தில் நிற்க வேறு ஆள் தயார். மகனோ லாரி ஏறினால் வாரக்கணக்கில் திரும்பாதவன்.

ஆகவே மறுநாள் விடியற்காலை பெரியவர் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, வாயாலேயே அடித்தார்.

டிர்ர்ர்ர்ர்!

மருமகள் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டிக் கடிகாரத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பெரியவர் நிறுத்தினார்.

அன்றிலிருந்து அதுவே அவருடைய உத்தியோகம். லீவு கிடையாது. சளி பிடித்த வாரத்தில் மட்டும் கடிகாரம் கொஞ்சம் கட்டைக் குரலில் அடித்தது.

நாளாக நாளாகக் கை தேர்ந்த மாதிரி வாய் தேர்ந்தது. எதிர்வீட்டுச் சேவல் அவமானம் தாங்காமல் வேறு தெருவுக்குக் குடிபோனது. கீழ்வீட்டுக்காரர் இனி எதற்கு என்று தன் கடிகாரத்தை விற்றுவிட்டார். மேல்வீட்டு அக்கா மருமகளை மாடிப்படியில் மறித்தே கேட்டுவிட்டாள்.

"எங்கடி வாங்கின அந்தக் கடிகாரத்த? எங்க வீட்டுச் செவுரெல்லாம் அதிருது."

"பழைய மாடலுக்கா. இப்பல்லாம் அது வர்றதில்ல" என்றாள் மருமகள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், பெருமையில் அன்றைக்கு ரேடியோ போடவே மறந்துபோனார்.

அந்தப் பெருமை நேற்று வரைக்கும்தான்.

நேற்று ரேடியோவுக்குப் பேட்டரி வாங்கக் கடைக்குப் போனவரைப் பேக்கரி மாஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"என்ன பெருசு, உங்க மருமகளுக்கு வீட்ல படுக்க எடமில்லையா? மத்தியான வேலைக்கு மாத்தி மாசக்கணக்காச்சு. அது என்னடான்னா இருட்டோட வந்து மாவு மூட்டை மேல சாஞ்சு தூங்குது. ஏம்மான்னு கேட்டா சிரிக்குது."

பெரியவர் பேட்டரி வாங்காமலே திரும்பினார்.

இருட்டிய பிறகு வீடு வருவதற்குக் காரணம் வேலை அதிகம் என்று அவள் சொல்லிவந்ததன் அர்த்தம் இப்போது புரிந்தது. மத்தியான வேலைக்குச் சம்பளம் குறைவாக இருக்கும். வீட்டில் தெரியக்கூடாதென்று, பாவம், எழுந்து எழுந்து ஓடுகிறாள். அப்படித்தான் அவர் முடிச்சுப் போட்டார்.

ஒயரைத் திருடியது போதாதென்று இத்தனை நாளும் அவள் தூக்கத்தையும் அல்லவா திருடியிருக்கிறார்! மாவு மூட்டையை நினைக்க நினைக்கச் சாப்பாடு இறங்கவில்லை. 

அதனால் இன்றைக்கு அடிப்பதில்லை என்று முடிவு. குட்டு உடையட்டும். ஒயர், ரேடியோ, வாய், எல்லாம் வெளியே வரட்டும். அவள் தூங்கட்டும்.

திரைக்கு அந்தப் பக்கம் முள் டிக்டிக்கென்று நகர்ந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் நாக்கு தானாக மேலே எழும்பியது. பெரியவர் அதைப் பல்லால் பிடித்து வைத்தார்.

தெருவில் பால் வண்டி போனது. வெளிச்சம் ஜன்னலுக்கு வந்தது. வீட்டில் ஒரு சத்தமில்லை. பெரியவருக்கு முதன்முறையாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதி லேசாக எட்டிப் பார்த்தது.

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

பிறகு வெறுங்காலில் ஓடி வரும் சத்தம். திரைச்சீலை கம்பியோடு கழன்று தரையில் விழுந்தது.

பெரியவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிற மாதிரி இருக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

மூக்குக்குக் கீழே ஒரு விரல் வந்து நின்றது.

 சூடாக ஒரு சொட்டு அவர் கன்னத்தில் விழுந்து காதுப்பக்கம் உருண்டது.

"மாமா... இன்னிக்கு ஏன் என்னைக் கூப்பிடல? மாமா!"

பெரியவருக்கு அப்போதுதான் மூச்சை விட வேண்டும் என்று தோன்றியது. விட்டார்.

விரல் உடனே போகவில்லை. இன்னொரு மூச்சும் வரட்டும் என்று அங்கேயே நின்றது.