வியாழக்கிழமை டப்பா

"இன்னிக்கு வியாழக்கிழமைதானே? அப்ப ஆஸ்பத்திரிச் சாப்பாடு!"

பாலகுமார் சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்து வைத்தான். பிரபாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சும்மா இருங்க. அடுத்த வாரத்திலேர்ந்து அந்த சௌம்யாவை முறையிலேர்ந்தே எடுத்துடலாமான்னு பாக்குறேன்."

விஷயம் இதுதான். ஈஜிபுராவில் அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நாலு வீடு. நாலிலும் பெண்கள் வேலைக்குப் போகிறவர்கள். பஸ்ஸிலும் சிக்னலிலும் நசுங்கி வீடு வந்து சேர்ந்தபின் குக்கர் வைக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? நாலு மாதம் முன்னால் பிரபாதான் யோசனை சொன்னாள். ஒரு நாளைக்கு ஒரு வீட்டில் சமையல். சைவம் மட்டும், ஒரே ஒரு ஐட்டம், நாலு வீட்டுக்கும் சேர்த்து. டப்பாவில் போட்டு வாசல் கைப்பிடியில் மாட்டிவிட வேண்டியது. பெல் அடிக்கக்கூட வேண்டாம்.

திங்கள் பிரபாவின் தக்காளி சாதம். செவ்வாய் எதிர்வீட்டு டோரதியின் தேங்காய்ப்பால் சாதம். புதன் கோடி வீட்டு டீச்சரின் கீரை கிச்சடி. எல்லாம் பிரமாதம்.

இந்த வியாழன்தான் வில்லங்கம். ஆரம்பத்தில் இரண்டு வாரம் பக்கத்து வீட்டு சௌம்யாவும் ஒழுங்காகத்தான் செய்தாள். அப்புறம் என்ன வந்ததோ! பெயர் மட்டும் பிசிபேளாபாத். உப்பு இல்லை, உறைப்பு இல்லை, நெய் வாசனை மருந்துக்கும் இல்லை.

"புதுசுல காட்டுற அக்கறை போகப் போக எங்க இருக்கு!" என்று முணுமுணுத்தபடியே டப்பாவைத் திறந்தாள் பிரபா.

கமகமவென்று வாசனை!

"ஏய், முந்திரி!" என்றான் பாலகுமார். ஒரு வாய் போட்டுவிட்டு, "ஆகா! இன்னிக்கு யார் முகத்துல முழிச்சேன்?" என்று இன்னும் இரண்டு கரண்டி அள்ளிக்கொண்டான்.

மாமனார் கோவிந்தராஜன் மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினார். "எனக்குத் தயிர் சாதம் போதும்மா."

ராத்திரியில் அவருக்குப் பெரும்பாலும் அதுதான். வயசாச்சு, செரிக்கவில்லை போலிருக்கிறது என்று பிரபா தயிரை எடுத்து வந்தாள். அவளுக்கும் சௌம்யா மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. பரவாயில்லையே, தேறிட்டாளே!

அப்போதுதான் பெல் அடித்தது. டோரதி, கையில் ஒரு டப்பாவோடு.

"பிரபா, உங்க டப்பா எங்க கதவுல மாட்டியிருந்துச்சு. சாப்பிட்டப்புறம்தான் மூடியில உங்க பேரைப் பாத்தேன். பாவம் சௌம்யா, இன்னிக்கு உப்பே போட மறந்துட்டா போல. வாராவாரம் எவ்ளோ ஜோரா பண்ணுவா!"

வாராவாரமா?

பிரபா உள்ளே ஓடித் தங்களுக்கு வந்த டப்பாவின் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். 'டோரதி' என்று எழுதியிருந்தது.

அடுத்த நிமிடம் அவள் சௌம்யா வீட்டு வாசலில் நின்றாள்.

"ஏன் சௌம்யா, டோரதி வீட்டுக்கு நெய், முந்திரி. எங்க வீட்டுக்குப் பத்தியச் சாப்பாடா? உனக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணோம்?"

சௌம்யாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவசரத்துல டப்பாவை மாத்தி மாட்டிட்டேனா அக்கா?"

"மாத்தி மாட்டினதாலதானே உன் வண்டவாளம் தெரிஞ்சுது! இந்த முறையையே ஆரம்பிச்சவ நான். எனக்கே ஓரவஞ்சனையா? இனிமே நீ யாருக்கும் சமைக்க வேணாம், உனக்கும் யார் வீட்டிலேர்ந்தும் வராது. ஆச்சா?"

சௌம்யா அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை.

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள். "மாமா அதைச் சாப்பிட்டுட்டாரா?"

பிரபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு வாய் வெச்சார். அப்புறம் தயிர் சாதம் போதும்னுட்டார். ஏன்?"

"அப்பாடா!" என்று சுவரில் சாய்ந்தாள் சௌம்யா.

"ஏன்னு கேக்குறேன்ல?"

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் அக்கா."

"நீ சொல்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து நகரமாட்டேன்."

சௌம்யா தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். "முறை ஆரம்பிச்சு ரெண்டு வாரம் இருக்கும். நான் நர்ஸா இருக்கிற கிளினிக்குக்கு மாமா தனியா வந்தார். நான்தான் பிரஷர் பாத்தேன், ரொம்ப ஜாஸ்தி. மாத்திரை எழுதிக் குடுத்து, உப்பு, நெய், காரம் எல்லாத்தையும் குறைக்கணும்னுட்டார் டாக்டர். மத்த நாளெல்லாம் தயிர் சாதத்துலயே ஓட்டுறார். என் முறை அன்னிக்காவது வயிறார சாப்பிடட்டுமேன்னு உங்க வீட்டுக்கு மட்டும் சின்ன குக்கர்ல வேற வெப்பேன். அவருக்குத் தனி டப்பா குடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சுடும்ல?"

பிரபாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன வேத்து மனுஷியா? ஆபீஸ் விட்டு வந்ததும் தினம் அவருக்குன்னு தனியா நானே சமைச்சிருப்பேனே!"

"அதுக்குத்தான் சொல்லலையாம் அக்கா. 'என் மருமக இத்தனை வருஷமா எங்க எல்லாருக்கும் போட்டுட்டு, அடுப்படியிலயே நின்னுக்கிட்டு சாப்பிட்டவ. இப்ப ரெண்டு வாரமாத்தான் எங்ககூட உக்காந்து சாப்பிடுறா, அதைக் கெடுத்துடாதம்மா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டார்."