வரட்டும்... வரட்டும்...

மூன்றாவது முறையும் கேரவனின் பின்பக்கம் நேராக வேலிக்குள் போய் நின்றது. அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"இந்தம்மாவுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் கொடுத்தான்?" என்று ஜன்னல் திரையை விலக்கி முணுமுணுத்தார் கிளிஃபர்ட். வந்து இறங்கிய அன்றைக்குப் பிறகு அவர் வாயைத் திறந்தது இப்போதுதான். கேட்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

வேல்ஸ் மலையடிவாரத்தில், நெரிஸின் ஆட்டுப் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் புல்வெளியில் ஐந்து கேரவன்களுக்குத்தான் இடம். காருக்குப் பின்னால் வீட்டை மாட்டி இழுத்து வந்து, பக்கத்தில் ஒரு கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் கிடப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். பாட்டு கிடையாது, கூத்து கிடையாது. புதிதாக வருகிறவர் ரிவர்ஸ் எடுப்பதை வேடிக்கை பார்ப்பது ஒன்றுதான் பொழுதுபோக்கு. அதற்கு மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டீக் கோப்பையோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

கிளிஃபர்டும் மனைவி ஐரிஸும் வருஷம் தவறாமல் வந்தவர்கள். ஐரிஸ் பின்னால் நின்று கை காட்டுவாள், இவர் ஓட்டுவார். போன குளிர்காலத்தில் ஐரிஸ் போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த முறை தனியாக வந்தவர் கேரவனைக் கோணலாக நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார்.

"சனிக்கிழமை ஒருத்தர் வந்து இதை விலைக்கு எடுத்துக்கிறார். அதுக்கப்புறம் நான் வீட்டை விட்டு எங்கேயும் வர்றதா இல்லை" என்று வந்த அன்று நெரிஸிடம் சொல்லியிருந்தார். அவர் சாத்திக்கொண்ட கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள் நெரிஸ்.

நான்காவது முறை, வேலியில் ஒரு கட்டை முறிந்தது. எதிர்க் கேரவன் நார்மன் பொறுக்க முடியாமல் எழுந்தார். "பாவம், நான் போய்ச் சொல்லித் தர்றேன்."

கெட்டிலோடு வந்த நெரிஸ் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "ஈரப்புல்லு உங்க முழங்காலுக்கு ஆகாது. உட்காருங்க."

"என் முழங்காலுக்கு என்ன?"

"இனிமே வரும். டீயைக் குடிங்க."

அதற்குள் கிளிஃபர்டின் கதவு படாரென்று திறந்தது. வீட்டுச் செருப்போடு இறங்கி ஓடினார். "நிறுத்துங்கம்மா! வேலி என்ன பாவம் பண்ணுச்சு?"

கார் கண்ணாடி இறங்கியது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் தலையை நீட்டினார். "என் பேரு டிலிஸ் சார். எனக்கு வரலை. பேசாம வந்த வழியாவே திரும்பிப் போயிடட்டுமா?"

"எப்படிப் போவீங்க? அந்தக் கேட்டுத் தூணுல இங்க வந்த அத்தனை கேரவனோட பெயின்ட்டும் இருக்கு, என்னோடதையும் சேர்த்து. ஒரு கீறல் இல்லாம நீங்க உள்ளே வந்ததே குருட்டு அதிர்ஷ்டம்."

"ஆமா சார். கண்ணை மூடிக்கிட்டேன்."

கிளிஃபர்ட் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா கேளுங்க. பின்பக்கம் இடது பக்கமா போகணும்னா, நீங்க ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்கணும். கேரவன் எதையும் தலைகீழாத்தான் கேட்கும்."

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார் சார்."

கிளிஃபர்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைப்பதற்காகவே பின்னால் போய் நின்று கையைத் தூக்கினார்.

"வரட்டும்... வரட்டும்... லேசா ஒடிங்க... நேர் பண்ணுங்க... வரட்டும்... போதும் போதும் போதும்!"

ஐரிஸும் 'போதும்' என்று மூன்று தடவைதான் சொல்லுவாள். அவள் நின்ற இடத்தில் தான் நிற்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குனிந்து, டயரில் காற்று இருக்கிறதா என்று தேவையில்லாமல் அமுக்கிப் பார்த்தார்.

கேரவன் கச்சிதமாக நின்றிருந்தது. 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

சாயங்காலம் கிளிஃபர்ட் பண்ணை வீட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார். சவரம் செய்திருந்தார்.

"அந்த ஆளுக்கு போன் பண்ணி, சனிக்கிழமை வர வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன், விலை படியலையா?"

"விலையை விடும்மா. அந்த டிலிஸ் அடுத்த வாரம் கடற்கரைப் பக்கம் போகுதாம். தனியா! இந்த லட்சணத்துல! பின்னாடி நின்னு கை காட்ட ஓர் ஆள் வேணாமா? நானும் என் வண்டியை எடுத்துட்டுக் கூடப் போய்த்தான் ஆகணும். வேற வழி?" பெரிய தொல்லை வந்து தலையில் விழுந்த மாதிரிதான் சொன்னார். போகும்போது விசிலடித்துக்கொண்டு போனார்.

நெரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூடான கேக்குகளைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு, டிலிஸின் கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"வேலியை லேசா உரசுனா போதும்னுதானே சொன்னேன்? பாதி வேலியைச் சாய்ச்சுட்டியேக்கா! முப்பது வருஷம் லாரி ஓட்டினவ, கொஞ்சம் பார்த்துத் தப்பு பண்ணக் கூடாதா?"

டிலிஸ் ஒரு கேக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே கிளிஃபர்ட் கோணலாக நின்ற தன் கேரவனை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கூடாரம் கட்டணும்டி. அதுவும் எனக்குத் தெரியாது."