நாலாவது கால்

"நாலாவது காலை மட்டும் முழுசா இழுத்து வெச்சிடுங்கண்ணா. எனக்கு அது போதும்."

கிறிஸ்டினா இதைச் சொன்னபோது ஜெயராஜ் பிவிசி ஷீட்டை அறுத்துக்கொண்டிருந்தார். பிளேடு நின்றது. கழுத்தில் கிடந்த சிவப்புத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மணவாள நகரில் அந்தச் சின்ன வீட்டின் சுவர் முழுக்கக் கிரேன்கள். மொத்தம் பத்தொன்பது. எல்லாம் அவர் கையால் செய்தவை. பேனா ரீஃபில்தான் ஹைட்ராலிக் தண்டு, கிதார் கம்பிதான் இரும்புக் கயிறு. அசலில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. ஒரு நூல் பிசகினாலும் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். ஆனால் ஒன்றில்கூட மனுஷப் பொம்மை கிடையாது. கேட்டால், "மிசினு பொய் சொல்லாது. ஆளை வெச்சா கதை வந்துடும்" என்பார்.

இருபதாவது கிரேனைக் கேட்டு வந்திருந்தாள் கிறிஸ்டினா. எட்டு மாதத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கும்மிடிப்பூண்டி யார்டு ஒன்றில் எண்பது டன் கிரேன் சாய்ந்தது. அதை ஓட்டிய அவள் கணவன் தாவீது கேபினுக்குள்ளேயே உயிரை விட்டான். கம்பெனி அறிக்கை நாலு பக்கம். அவளைத் தூங்கவிடாமல் செய்தது அதில் ஒரே ஒரு வரி: 'சிக்னல்மேன் இல்லாத நேரத்தில், பின்பக்கக் கால் முழுதாக நீட்டப்படாததைக் கவனிக்காமல், ஆபரேட்டர் தன் இஷ்டத்துக்குப் பளு தூக்கியதே காரணம்.'

அந்த சிக்னல்மேன் ஜெயராஜ்தான். அந்த நேரத்தில் நாஷ்டாவுக்குப் போயிருந்ததாக எழுதிக் கொடுத்திருந்தார். லீவு நாள் என்பதால் யார்டில் வேறு யாரும் இல்லை.

கிறிஸ்டினாவுக்கு அவர்மேல் துளிக் கோபம் இல்லை. "நீங்க கூட நின்னுக்கினு இருந்தா அவரு இன்னிக்கு இருந்திருப்பாரு. இன்னா பண்றது, பசி யாரை உட்டுது" என்றாள்.

இரண்டு பேரும் பத்து வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பளு தூக்கும்போது கிரேன் சாயாமலிருக்க நாலு மூலையிலும் இரும்புக் கால்களை வெளியே நீட்டி ஊன்றுவார்கள்; கேபினில் உட்கார்ந்தால் பின்பக்கத்து நாலாவது கால் தெரியாது. கீழே நிற்பவன் கைதான் மேலே இருப்பவனுக்குக் கண். ஜெயராஜ் கை எழாமல் தாவீது லிவரைத் தொட்டதே இல்லை. டீ குடிக்கக்கூட "சிக்னல் குடுண்ணா" என்று கேலி பண்ணுவான்.

நஷ்டஈட்டு விசாரணை நடத்தும் அதிகாரி கிரேனைப் பக்கத்தில் பார்த்ததே இல்லையாம். போனமுறை கம்பெனி வக்கீல் ஏதோ படம் காட்டியிருக்கிறார், அதிகாரி தலையாட்டியிருக்கிறார். கிரேனையே சின்னதாகச் செய்து மேஜைமேல் வைத்தால் அவருக்குப் புரியும் என்பது கிறிஸ்டினாவின் நம்பிக்கை. பணமெல்லாம் அப்புறம், அந்த ஒரு வரியை அடிக்க வேண்டும். நாளைக்கு அவள் பெண் அந்தக் காகிதத்தைப் படிப்பாள்.

ஜெயராஜ் பிளேடைக் கீழே வைத்தார். "கால் பாதிதாம்மா வந்துச்சு. அதை மாத்தி வெக்க முடியாது."

"அப்போ நீங்களும் அவரு மேலதான் தப்புன்றீங்க."

அவர் மறுபடி ஷீட்டை அறுக்க ஆரம்பித்தார்.

"கேபின்ல அவரையாவது வெப்பீங்களா?"

"நான் ஆளு வெக்கிறதில்லம்மா. விசாரணை அன்னிக்கு எடுத்துக்கினு வறேன், நீ போ."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினாள். நம்பி வந்த இடமும் கைவிட்டுவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மூன்று வாரம் ஆயிற்று. ஜெயராஜ் சரியாகச் சாப்பிடவில்லை. கிரேன் செய்கிறாரா, கோயில் கட்டுகிறாரா என்று அவர் மனைவி பிரின்சி சலித்துக்கொண்டாள்.

விசாரணை நாளன்று ஆட்டோவில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு திருவள்ளூர் வந்து சேர்ந்தார். மேஜைமேல் வைத்துத் துணியை விலக்கினார். மூன்று கால்கள் முழுதாக நீண்டிருந்தன. நாலாவது கால் பாதியில் நின்றது. அதை அதற்குமேல் நீளவிடாமல் பக்கத்தில் ஒரு பைப் குவியல். ரீஃபிலை நறுக்கி அதையும் செய்திருந்தார்.

கம்பெனி வக்கீல் முகத்தில் வெளிச்சம். "அய்யா, அவங்க கொண்டாந்த சாட்சியே எங்க பக்கம் பேசுது" என்றார்.

கிறிஸ்டினா குனிந்துகொண்டாள். "இதுக்காண்ணா இவ்ளோ நாளு?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜையருகே வந்தார். சுற்றிப் பார்த்தவர் கேபினுக்கு எதிரில் குனிந்தார். அங்கே பாதிக் கட்டைவிரல் உயரத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான். தலையில் மஞ்சள் ஹெல்மெட். வலது கை மேலே, ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்த்து. தூக்கு என்பதற்கான சைகை அது. கழுத்தில் சிவப்பாக ஒரு நூல் சுற்றியிருந்தது.

"ஆபரேட்டர் தனியா இருந்தார்னுதானே ஃபைல்ல இருக்கு? இது யாரு?"

ஜெயராஜ் தன் கழுத்திலிருந்த சிவப்புத் துண்டை எடுத்து மடித்து, கிரேன் பக்கத்தில் வைத்தார்.

"நான்தான் சார். பைப்பை நகத்த சோம்பேறித்தனப்பட்டு, போதும் தூக்குடான்னு கை காட்டினேன். நாஷ்டாவுக்கு நான் போகவே இல்ல."