ஷவரில் நனைந்த தலை

14 ஆகஸ்ட் 2024, புதன். நீச்சல் வகுப்பு நோட்டில் ஆறு வாரப் பிழை. மற்றவர்களின் சுற்றுகளை எண்ணும் மும்முரத்தில், வடிவேலு அங்கிளின் ஈரத் தலையைப் பார்த்தே, நீந்தினார் என்று எழுதிவிட்டேன். ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் நீச்சல் குளத்தில் மாலை வெயில் மஞ்சளாகச் சாய்கிறது. நான் விளிம்பில் அமர்ந்து ஒவ்வொருவரின் சுற்றுகளையும் குறிக்கிறேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் உழைத்த வடிவேலு அங்கிள் கரையில் நின்றபடியே மற்றவர்களுக்குத் தண்ணீரில் கால் உதைக்கக் கற்றுத்தருகிறார். "அங்கிள், உங்களுக்குப் பத்து சுற்று போடவா?" என்கிறேன். வழக்கம்போல் சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்துகிறார். "போடாதம்மா. இது ஷவர்ல நனைச்ச தலை. எனக்குத் தண்ணின்னா பயம்." பயிற்சியாளர் உர்சுலாவின் விசில் உதட்டிலேயே நிற்கிறது. "அப்போ நீங்க நடுக்கடல்ல குதிச்சதா சொன்ன கதை?" என்கிறார் அவர். "எல்லாம் ரீல் லா!" அங்கிள் ஏணியில் இறங்குகிறார். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுக்கின்றன. பயத்தை அவர் மறைக்கவில்லை. பிடியை விடுகிறார். தண்ணீரைக் குடித்து, இருமி, தாறுமாறாகக் கால் உதைத்து, நான்கு மீட்டர் தள்ளி உர்சுலா நீட்டிய கையைப் பிடித்துவிடுகிறார். "இப்ப எழுதும்மா!" என்று கத்துகிறார். எல்லாரும் கைகளால் தண்ணீரை அறைந்து கொண்டாடுவதில் நோட்டு நனைகிறது.

நாளை: நோட்டைக் காயவைத்து, பழைய ஆறு வரிகளை அடித்துவிட்டு, "வடிவேலு அங்கிள், நான்கு மீட்டர்" என்று எழுத வேண்டும்.