வாசலில் ஒரு ஜோடி ஷூ

மகனின் உடலை ஊருக்கு அனுப்புவதற்கான காகிதம் நான்கு மணிக்குத்தான் கிடைக்கும் என்று தூதரக அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதுவரை அவன் நடந்த தெருக்களைப் பார்க்கிறேன் என்றார் சிவகாமசுந்தரி. மகனின் அறைத்தோழன் ஜெபசிங் கூட்டிப்போனான். குளிருக்கு மகனின் ஷூவையே போட்டிருந்தார். இரண்டு காலுறை மாட்டியும் அது கருங்கல் தெருவில் கழன்று கழன்று வந்தது. பழைய பாலத்தில், ஒரு விளக்குக் கம்பத்தின் அடியில் குல்லா ஒன்றும் பூக்களும் எரியும் மெழுகுவர்த்தியும் இருந்தன.

"யாராச்சும் இறந்துட்டா அவங்க பொருளை இங்க இப்படி வைப்பாங்க ஆன்ட்டி," என்றான் ஜெபசிங்.

பாலத்தைத் தாண்டி வந்த பேராலயத்து வாசலில் அவர் நின்று ஷூவைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார்.

"இங்க யாரும் கழட்ட மாட்டாங்க ஆன்ட்டி. தரை ஐஸ் மாதிரி இருக்கும்."

"யாரு கழட்டாட்டி என்ன? கோயில்தானேப்பா."

உள்ளே வண்ணக் கண்ணாடிகள் எதையும் பார்க்காமல் கண்களை மூடி நின்றுவிட்டு வெளியே வந்தார். அத்தனை பெரிய வாசலில் அந்த ஒரு ஜோடி மட்டும் கிடந்தது. அதன் முன்னால் யாரோ ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்திருந்தார்கள். வழியே போன கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, அதன் எதிரே தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனார்.

ஜெபசிங் பதறிக் குனிந்தான். "தப்பா நினைச்சுட்டாங்க ஆன்ட்டி. எடுத்துடறேன்."

"தப்பா எங்கப்பா நினைச்சாங்க?" என்றார் அவர். "விடு, எரியட்டும்."

மணிக்கூண்டில் நான்கு அடித்தது. அவர் வெறும் காலுறையோடு அங்கேயே குந்தி, காற்றுக்கு மறைவாகச் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.